குதிரைகளுக்காக நின்ற எஞ்சின்

லாங் ஐலண்டின் வடகரையில் கஸ்ஸி லோரிங்கைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பணம் கொழுத்துக் கிடக்கிறது, பறக்கிறாள். அதற்குமேல் யாரும் யோசித்ததில்லை. தாத்தா ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த பணம், அப்பா அதைப் பெருக்கிய பணம், வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பணம். இத்தனையும் வைத்திருக்கிற ஒருத்தி ஆகாயத்தில் போனால் அவளேவா ஓட்டிக்கொண்டு போவாள்? காருக்கு ஆள் இருக்கிறது, கதவு திறக்க ஆள் இருக்கிறது, இதற்கும் ஒரு ஆள் இருப்பான். ஊர் இப்படித்தான் கணக்குப் போட்டது.

அந்த ஆள் யார் என்றும் ஊரே முடிவு செய்திருந்தது. ஆக்ஸல் நைபெர்க். ஸ்வீடன்காரன், அவளுடைய மெக்கானிக். அந்த வருஷம், அதாவது 1928-இல், வசந்தகாலத்தில் கஸ்ஸி எங்கும் இறங்காமல் ஹவானா வரைக்கும் பறந்து போனாள். ஆக்ஸல் பின் இருக்கையில் இருந்தான். கிளம்புவதற்கு முன்னால் எங்கேயோ கெட்டுப்போன சிப்பியைத் தின்றுவிட்டு, வழி முழுவதும் வாளியில் தலையை விட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் பத்திரிகைகளில் வந்தது என்ன? "திருமதி லோரிங்கை ஹவானா கொண்டு சேர்த்தார் நைபெர்க்."

ஆக்ஸல் கொஞ்சம் ரோஷக்காரன். பத்திரிகை அலுவலகத்துக்கே போய்விட்டான்.

"சார், நான் ஒண்ணும் ஓட்டல. வாந்தி எடுத்துட்டு வந்தேன். அந்தம்மாதான் ஓட்டினாங்க."

"எவ்ளோ குடுத்தாங்க, இப்படிச் சொல்லச் சொல்லி?" என்று கேட்டார்கள்.

அவன் எவ்வளவுக்கு எவ்வளவு உண்மை சொன்னானோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பொய்யாகிக்கொண்டே போனது. பத்திரிகைக்காரனிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் பைத்தியக்காரன். ஆக்ஸலும் கடைசியில் விட்டுவிட்டான்.

கஸ்ஸி விடவில்லை. அவளுக்கு வயது முப்பத்திநாலு. இந்தப் பறக்கிற வேலையைத் தவிர அவள் தானாகச் செய்தது என்று வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை. உடுத்துவது, உண்பது, யாரை விருந்துக்குக் கூப்பிடுவது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்வது, எல்லாமே மற்றவர்கள் தீர்மானித்தது. விமானத்தை மட்டும் அவளே ஓட்டினாள். அதையும் பிடுங்கி ஒரு ஸ்வீடன்காரன் கையில் கொடுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

அதனால் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிவிடுவது என்று தீர்மானித்தாள். ஒற்றை இருக்கை. பின்னால் ஆளும் கிடையாது, வாளியும் கிடையாது. இங்கே ஏறி அயர்லாந்தில் இறங்குவது. அதற்கேற்ற பெரிய விமானம் ஒருவரிடம்தான் இருந்தது. ஏமஸ் கிட்ரிஜ். அவள் வைத்திருந்த சின்ன விமானமும் அவர் பட்டறையில் கட்டியதுதான். அவரிடம் போய்க் கேட்டாள்.

கிட்ரிஜ் தச்சுவேலையில் ஆரம்பித்து மேலே வந்த மனுஷர். பணக்காரர்களுக்கு விற்பார், ஆனால் பணக்காரர்களைப் பிடிக்காது.

"விலையைப் பத்திப் பேசாதீங்க மிசஸ் லோரிங். உங்ககிட்ட இருக்குன்னு ஊருக்கே தெரியும். நீங்க கடல்ல விழுந்தா, கிட்ரிஜ் விமானம் விழுந்துச்சும்பான். போய்ச் சேர்ந்தா, உள்ள எவனையோ ஒளிச்சு வச்சிருந்தாம்பான். ரெண்டுலயும் எனக்கு என்ன லாபம்?"

"நான் ஓட்டுவேன்னு நீங்க நம்புறீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் பார்த்ததில்ல. பார்க்காததை நான் நம்புறதில்ல."

"அப்போ வந்து பாருங்க. வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுப் போலோ கோப்பை ஆட்டம். நியூபோர்ட்டுலேருந்து தனியா வரேன். ஆட்டம் முடிஞ்சு மணி அடிச்சதும் மைதானத்துலயே இறங்குறேன். ஊரே அங்கதான் இருக்கும்."

கிட்ரிஜ் தாடையைச் சொறிந்தார். "சுத்தமா இறங்கினா விமானம் உங்களுது. சொதப்பினீங்கன்னா இனிமே இந்தப் பட்டறைப் பக்கம் வரக்கூடாது."

"சரி."

"குதிரை மேல இறக்கிடாதீங்க. அதுக்கு வேற நான் பதில் சொல்லணும்."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. ஜூன் மாதம், குதிரைமேல் ஏறிப் பந்தடிக்கிற போலோ ஆட்டம் ஒன்றின் நடுவில் கஸ்ஸி தாழப் பறந்து போனதில் குதிரைகள் மிரண்டு திசைக்கொன்றாக ஓடின. ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு குதிரை இரண்டு வேலி தாண்டி, யாரோ ஒருவருடைய தேநீர் விருந்தின் நடுவே போய் நின்றது. அந்த ஊரில் மனுஷன் தோள் முறிந்ததை மன்னிப்பார்கள், குதிரை மிரண்டதை மன்னிக்க மாட்டார்கள். கஸ்ஸி கிளப் விருந்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டியதாயிற்று: இனிமேல் குதிரைகள் இருக்கும்போது என் எஞ்சின் சத்தமே உங்கள் காதில் விழாது. எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு அவள் அதை மறந்துவிட்டாள். அவர்கள் மறக்கவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். செப்டம்பர் மாதத்துக்கே உரிய துடைத்துவிட்ட வானம். கஸ்ஸி நியூபோர்ட்டில் ஏறினாள். பின்காற்று தள்ளியதில் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே லாங் ஐலண்டை ஒட்டிய ஜலசந்திக்கு மேலே வந்துவிட்டாள். ஆட்டம் முடிய நேரம் இருந்தது. கரைக்கு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வட்டமடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் முகத்தில் சூடாக ஏதோ அடித்தது.

எண்ணெய். முன்கண்ணாடி கறுத்துப்போயிற்று. கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையால் முகத்தை வழித்தாள். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் கீழே போய்ப் படுத்திருந்தது. எங்கோ குழாய் அறுந்திருக்கிறது. எஞ்சின் கொஞ்சநேரம் கதறியது, பிறகு உடம்பெல்லாம் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு இறுகி நின்றுவிட்டது. காற்றாடி கண்ணுக்கு நேராகக் கட்டை மாதிரி நின்றது. கம்பிகளில் காற்று சீறுகிற சத்தம் மட்டும்.

கஸ்ஸி அலறுகிற ஜாதி இல்லை. மூக்கை இறக்கி, விமானத்தைக் கரையை நோக்கி வழுக்கவிட்டாள். உயரம் இருந்தது. தேவாலயக் கோபுரம், லோரிங் வீட்டுப் புல்தரை, அதற்கப்பால் போலோ மைதானம். அவ்வளவு நீளமும் அகலமுமான சமதரை அந்தக் கரையில் வேறு எங்கும் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே இறக்கிவிடுவாள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தால்கூட நடுவர் பார்த்துக் குதிரைகளை ஓரம் கட்டிவிடுவார். பயப்பட எதுவுமில்லை என்றுதான் நினைத்தாள்.

ஆனால் அவள் வந்த நேரம் இடைவேளை. குதிரைகள் ஓரத்தில்தான் நின்றன. மைதானம் முழுக்க மனிதர்கள். நாலு சுற்று ஆடி முடிந்ததும் பார்வையாளர்கள் எல்லோரும் இறங்கி வந்து, குளம்பு பெயர்த்துப் போட்ட புல்கட்டிகளைக் காலால் மிதித்து அமுக்கிவிடுவது அங்கே வழக்கம். அதில் ஒரு பெருமை. கோடீஸ்வரனும் குனிந்து புல்கட்டியைத் திருப்பிப்போட்டு மிதிப்பான். வெளிர் நிறக் கவுன்கள், வெள்ளைக் கால்சட்டைகள், மதுவிலக்குச் சட்டம் ஒன்று இருப்பதையே கேள்விப்படாதவர்கள் மாதிரி கையில் கோப்பைகள். பெயர்ந்த கட்டி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆட்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சந்து கிடையாது.

ஓடிவிடுவார்கள் என்று கஸ்ஸி நம்பினாள். யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

கை ஆட்டினார்கள்.

பாதி உடம்பை வெளியே நீட்டி, போங்கள் போங்கள் என்று கையைப் பக்கவாட்டில் வீசினாள். கத்தினாள். கீழே இன்னும் உற்சாகமாகிவிட்டது. கைக்குட்டைகள் எழுந்தன. ஒருத்தன் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினான். ஒருத்தி கோப்பையை உயர்த்தினாள். அப்போதுதான் கஸ்ஸிக்கு உறைத்தது. சத்தமே கேட்காது என்று சொன்னாளே. எஞ்சினை அணைத்துவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குதிரைகளுக்காக. இவ்வளவு மரியாதை தெரிந்த பெண்ணா என்று மெச்சிக்கொண்டு நிற்கிறார்கள்.

கோபப்பட நேரமில்லை. மைதானத்தை ஒட்டி உயரமான வேலிச்செடி. அதற்கப்பால் காமின்ஸ்கி என்கிற போலந்துக்காரனுடைய உருளைக்கிழங்கு வயல். ஆழமான பாத்திகள், அதுவும் குறுக்காக. அதில் சக்கரத்தை வைத்தால் விமானம் குட்டிக்கரணம் அடிக்கும். அது அவளுக்குத் தெரியும். கீழே இருக்கிற புல்லில் கிட்ரிஜ் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும் தெரியும். அயர்லாந்து அந்தப் புல்லில்தான் இருந்தது.

இறக்கையைச் சாய்த்து வேலிப் பக்கம் திருப்பினாள். ஆட்களின் தலைக்குமேல் போனபோது சிப் ஹார்வுட் என்கிறவனின் தொப்பி பறந்தது. அவன் சிரித்தான். சக்கரம் வேலியின் உச்சியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு மண், இலை, மரம் முறிகிற சத்தம், வானம் இருக்க வேண்டிய இடத்தில் தரை.

கஸ்ஸி இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் நெற்றிப் பக்கமாக வழிந்தது. சேறு படிந்த பூட்ஸ் இரண்டு பக்கத்தில் வந்து நின்றன.

"உள்ள ஆளு உசிரோட இருக்கா?"

"இருக்கேன்."

"பொம்பளையா?"

"ஆமா."

"வாரை அவுக்காத. அவுத்தா தலைகுப்புற விழுவ. இரு, நான் புடிச்சுக்கறேன்." காமின்ஸ்கி அவளை மூட்டை மாதிரி இறக்கி உட்கார வைத்தான். விமானத்தைப் பார்த்தான், வயலைப் பார்த்தான். "வயல்ல யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கேன். விமானம்னு எழுதாதது என் தப்புதான்."

"மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல. நீ தோண்டின வரைக்கும் நான் தோண்ட வேண்டாம்." உண்மையாகவே ஒரு சாக்கை எடுத்துவந்து, விமானம் கிளறிப்போட்ட கிழங்குகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

முதலில் வந்தது காமின்ஸ்கி என்றால் இரண்டாவது வந்தது அவள் மாமியார். ஹெஸ்டர் லோரிங் எழுபது தாண்டியவள். இடுப்பு சரியில்லாததால் புல் மிதிக்க இறங்குவதில்லை. பழைய காலத்துப் பெட்டிக் காரை மைதானத்தின் கோடியில் வேலியோரமாக நிறுத்திவைத்து, அதில் உட்கார்ந்தபடியே ஆட்டம் பார்ப்பாள். அந்தக் கார் வயல் வரப்புவரை வந்து நின்றது. கிழவி கண்ணாடியை இறக்கினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் அம்மா என்று கூப்பிட விடாத மாமியார். கஸ்ஸி இன்றைக்கும் மிசஸ் லோரிங் என்றுதான் கூப்பிட வேண்டும். கிழவியும் அவளைக் கஸ்ஸி என்று சொல்லாமல் முழுப் பெயரில் அகஸ்டா என்றுதான் கூப்பிடுவாள்.

"எலும்பு ஏதாவது போச்சா, அகஸ்டா?"

"இல்ல, மிசஸ் லோரிங். மூக்குதான் கொஞ்சம் கோணிடுச்சு."

"அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு."

அதற்குள் கூட்டம் வேலிச் சந்து வழியாக வந்துவிட்டது. முன்னால் ஓடி வந்தவன் அவள் புருஷன் பிரெஸ்காட். போலோ பூட்ஸும் கையில் மட்டையுமாக. நல்லவன். கெட்டது எதுவும் நினைக்கமாட்டான், நல்லதும் அதிகம் நினைக்கமாட்டான்.

"கஸ், ஒண்ணுமில்லையே? கையைக் காட்டு. காலை ஆட்டு. அப்பாடி." அவள் நெற்றியில் முத்தம் கொடுத்து உதட்டில் எண்ணெயை ஒட்டிக்கொண்டான். "ஒரு குதிரைகூட அசையல தெரியுமா? நீ எஞ்சினை நிறுத்திட்டு வந்தது ரொம்பப் பெரிய மனசு."

"பிரெஸ், நான் எஞ்சினை..."

"என்ன கஸ்ஸி," என்று சிப் ஹார்வுட் நடுவில் புகுந்தான், "மைதானம் இந்தப் பக்கம்ல இருக்கு. ஆக்ஸல் இல்லாம வழி தெரியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிட்ரிஜ் கடைசியாக வந்தார். கவிழ்ந்து கிடந்த விமானத்தைத் தூரத்தில் நின்றே பார்த்தார். கிட்டே போகவில்லை. தன் விமானத்தில் கோளாறு என்று யாராவது வாயைத் திறப்பதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு. செய்து விற்கிறவன் எல்லோரும் இப்படித்தான்.

"குதிரைக்காக எஞ்சினை அணைச்சு, வித்தை காட்டப் பார்த்தீங்க. ஒம்பது கால்பந்து மைதானத்தைச் சேர்த்து வச்ச மாதிரிப் புல்லு கெடக்கு. அதையே தவறவிட்ட உங்களுக்கு அயர்லாந்து எங்க தட்டுப்படப் போவுது?"

கஸ்ஸி வாயைத் திறந்தாள். நீங்கள் எல்லோரும் வழியில் நின்றீர்கள் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் வீட்டு விருந்தாளிகள். விருந்துக்குக் கூப்பிட்டவள் விருந்தாளியைக் குறை சொல்வதா? அவளைப் பெற்றவளும், வளர்த்த தாதியும், கான்வென்ட்டும் முப்பது வருஷமாக அடித்து உள்ளே இறக்கியது அந்த ஒரு பாடம்தான். சொன்னாலும் யார் நம்புவார்கள்? சாக்கு என்பார்கள். ஆக்ஸல் சொன்னதை நம்பினார்களா?

வாயை மூடிக்கொண்டாள்.

மைதானத்தில் மணி அடித்தது. ஐந்தாவது சுற்று. பிரெஸ்காட் அவள் தோளைத் தட்டினான். "நான் போய்ட்டு வந்துடறேன், கஸ். ஒரு கோல் பின்னாடி இருக்கோம்." எல்லோரும் வேலிச் சந்து வழியாகத் திரும்பிப் போனார்கள். உயிர்போகவில்லை என்றால் ஆட்டம் நிற்காது. அந்த ஊர் அப்படி.

"உள்ள வந்து உட்காரு," என்றாள் கிழவி. "இருக்கையில எண்ணெய் படாம உட்காரு."

டிரைவர் ஒரு கம்பளியை விரித்துவிட்டு வெளியே நின்றுகொண்டான். கார் மறுபடி மைதானத்துக் கோடிக்குப் போயிற்று. கிழவி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்ஸி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, தன் அட்லாண்டிக் தண்ணீராகக் காலடியில் வடிந்து போவதை உணர்ந்துகொண்டிருந்தாள்.

"காத்தாடி சுத்தல," என்றாள் கிழவி திடீரென்று.

கஸ்ஸி திரும்பிப் பார்த்தாள்.

"எஞ்சினை அணைச்சா அது காத்துல கொஞ்சமாவது சுத்தும். போன வருஷம் நீ அணைச்சுட்டு எறங்கினப்போ பார்த்திருக்கேன். இன்னைக்கு நட்டு வச்ச மாதிரி நின்னுச்சு."

"எண்ணெய்க் குழாய் அறுந்துடுச்சு. ஜலசந்தி மேலயே இறுகிப்போச்சு."

"நீ எங்களைப் பார்த்து கையை ஆட்டின."

"விலகச் சொல்லி ஆட்டினேன். எல்லாரும் திருப்பி ஆட்டினாங்க."

"நான் ஆட்டல." கிழவி இன்னும் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரா வந்த. புல்லுல எறங்குற மாதிரிதான் வந்த. பிரெஸ்காட் நின்னுட்டு இருந்த எடத்துக்கு நேரா. அப்புறம் திருப்பின. பாத்தி குறுக்க ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"மேலேருந்தே தெரிஞ்சுது."

"உம்."

பிரெஸ்காட் ஒரு கோல் அடித்தான். கார்களின் ஹாரன்கள் முழங்கின. கிழவி கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினாள். அதுதான் அவளுடைய கைதட்டல்.

"எனக்குக் குதிரை ஏறத் தெரியாதுன்னு கேள்விப்பட்டிருப்ப."

கஸ்ஸி கேள்விப்பட்டிருந்தாள். ஊருக்கே தெரிந்த கதை. கல்யாணமான புதிதில், நரி வேட்டையில் ஹெஸ்டர் லோரிங் ஒரு நல்ல குதிரையைக் கற்சுவரில் மோதவிட்டுக் கொன்றாள். அதற்குப் பிறகு குதிரை ஏறவே இல்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் ஹார்வுட் விழுந்து கெடந்தான். இந்தச் சிப்போட அப்பன். தாண்டியிருந்தா அவன் தலை மேலதான் எறங்கியிருப்பேன். குதிரையைத் திருப்பினேன், திரும்பற இடத்துல சுவரு. அவன் எந்திரிச்சு வந்து என்ன சொன்னான் தெரியுமா? பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ நல்ல குதிரைன்னான்."

"நீங்க சொல்லலையா?"

"எனக்கு நாகரிகம் சொல்லிக் குடுத்திருந்தாங்க." கிழவி அந்த வார்த்தையைப் பல்லில் சிக்கிய நார் மாதிரித் துப்பினாள். "அம்பது வருஷமா இந்த முட்டாப் பசங்க எனக்குக் குதிரை ஏறத் தெரியாதுன்னு நெனச்சுட்டு என் வீட்டுல சாப்பிடறாங்க."

ஆட்டம் முடிந்தது. பிரெஸ்காட் கட்சி தோற்றது. செத்துப்போன தன் புருஷனின் பெயரில் உள்ள வெள்ளிக் கோப்பையை வருஷா வருஷம் கிழவிதான் கொடுப்பாள். மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு வைத்திருப்பார்கள். அவள் வருவாள், கோப்பையைக் கொடுப்பாள், "நன்றாக ஆடினீர்கள்" என்பாள், போய்விடுவாள். வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை. பத்திரிகையில் பெயர் வருவதைவிடத் தெருவில் உள்பாவாடையோடு நிற்பது மேல் என்று நினைக்கிற தலைமுறை அது.

அன்றைக்கு நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லி, கோப்பையைக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

"டோட் எங்க?"

வில்மர் டோட் என்பவன் பெரிய இடத்து விருந்து, தொப்பி, கல்யாணச் செய்திகள் எழுதுகிற பத்திரிகைக்காரன். கூட்டத்தின் பின்னாலிருந்து பயந்துகொண்டே முன்னால் வந்தான். கிழவி தன்னைக் கூப்பிடுவாள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

"பென்சில் இருக்கா? நான் சொல்றதை எழுது. என் பேரையும் போடு." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "இடைவேளையில நீங்கள்லாம் புல்லு மிதிச்சுட்டு இருந்தீங்க. உங்க தலைக்கு மேல எஞ்சின் செத்துப்போன ஒரு விமானம் வந்துச்சு. என் மருமக எஞ்சினை நிறுத்தல. அது தானா நின்னுச்சு. அவ எறங்கறதுக்கு இருந்த ஒரே நல்ல எடத்துல நீங்க நின்னுட்டு இருந்தீங்க. அவ கையை ஆட்டி வெலகச் சொன்னா. நீங்க பதிலுக்குக் கைக்குட்டையை ஆட்டினீங்க. சிப், நீ தொப்பியைக் கழட்டிக் கும்பிட்ட. நான் பார்த்தேன். உங்கள்ல ஒருத்தரையும் கொல்ல வேண்டாம்னுதான் அவ உருளைக்கிழங்குல போய் விழுந்தா. அவளுக்கு எறங்கத் தெரியும். உங்களுக்கு ஓடத் தெரியல."

ஒரு குதிரை தும்மியது. கோப்பை வாங்கிய ஆட்டக்காரன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். பிரெஸ்காட் தன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தான், பிறகு தான் இடைவேளையில் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். கடைசியாகக் கஸ்ஸியைப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"கஸ்," என்றான். மட்டையைக் கீழே போட்டான்.

கிட்ரிஜ் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தார். கிழவி சொன்னாள் என்பதற்காக நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். அவள் கஸ்ஸியின் மாமியார், வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். கஸ்ஸி காரின் பக்கத்தில் நின்றபடி வேலிச் சந்து வழியாகப் பார்த்தாள். அவர் பாத்திகளில் தடுக்கித் தடுக்கி விமானத்துக்குப் போனார். காற்றாடியில் ஒரு பக்கம் முறிந்து, மறுபக்கம் முழுசாக இருந்தது. அந்த முழுப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை. கோட்டைக் கழற்றி இறக்கைமேல் போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். காமின்ஸ்கி சாக்கை வைத்துவிட்டு வந்து கூடச் சேர்ந்து தள்ளினான். இரண்டு ஆம்பிளைகள் தள்ளியும் அது மயிரிழை நகரவில்லை. எஞ்சின் ஒரே இரும்புக்கட்டியாக இறுகிக் கிடந்தது. பிறகு கிட்ரிஜ் மண்டியிட்டு, கவிழ்ந்த மூக்குக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடினார். ரொம்பநேரம் அப்படியே இருந்தார்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரைக்கும் மண். கை முழுக்கக் கறுப்பு. விரல் நீளத்துக்கு ஒரு செப்புக்குழாய்த் துண்டைப் பிடித்திருந்தார். அதைக் கஸ்ஸியிடம் நீட்டினார்.

"குழாய் என்னோடது," என்றார். "பத்த வச்ச எடத்துல விட்டுடுச்சு."

கஸ்ஸி அதை வாங்கிப் பார்த்தாள்.

"பெரிய விமானத்துலயும் இதே மாதிரிக் குழாய்தான் போட்டிருக்கேன். அதைப் புடுங்கிட்டு வேற போடணும். குளிர்காலம் பூரா புடிக்கும்." தொண்டையைச் செருமினார். "மே மாசத்துக்கு முன்னாடி எப்படியும் கடல் மேல போக முடியாது. அதுக்குள்ள குடுத்துடறேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. கஸ்ஸி எதிர்பார்க்கவும் இல்லை. குழாய்த் துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிழவி காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"கிட்ரிஜ், இந்த அயர்லாந்துல என்ன விளையுது?"

"உருளைக்கிழங்குதாங்க, பெரும்பாலும்."

"அப்போ பரவால்ல. இவளுக்குப் பழக்கம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வந்தது. டோட் நிஜமாகவே எழுதிக் கொடுத்தானோ, அவனுக்கு மேலே இருக்கிற ஆசிரியர் வெட்டினாரோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். கோப்பை யாருக்குப் போனது, எந்தப் பெண்மணி என்ன நிறத் தொப்பி, எல்லாம் ஒரு பத்தி முழுக்க இருந்தது. "மூத்த திருமதி லோரிங்கும் சில வார்த்தைகள் பேசினார்" என்று ஒரு வரி. அடியில் இன்னொரு வரி: "திருமதி லோரிங்கின் விமானம் அருகிலிருந்த வயலில் விழுந்து சேதமடைந்தது. விமானி காயமின்றித் தப்பினார். அவர் பெயர் தெரியவில்லை."

கஸ்ஸியின் விமானக் கொட்டகையில் ஆக்ஸல் அதைச் சத்தமாக வாசித்தான். இரண்டாவது முறையும் வாசித்தான்.

"மேடம், நான் சனிக்கிழமை நியூபோர்ட்டுல படுத்துத் தூங்கிட்டு இருந்தேன். இந்த விமானி நான் இல்ல. வேற எவனோ."

கஸ்ஸி அப்போது சேதமான எஞ்சினின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூக்கில் பிளாஸ்திரி. இரண்டு நாளைக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் இரவெல்லாம் தூங்கியிருக்கமாட்டாள். இப்போது கையை மட்டும் நீட்டினாள்.

"அதை இப்படிக் குடு, ஆக்ஸல்."

வாங்கி நாலாக மடித்தாள். சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய்க்கு அடியில் விரித்துவிட்டு, மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள்.